யோகர் சுவாமிகள்: கிளிநொச்சிக் களஞ்சியத்திலிருந்து நல்லூர்த் தேரடி வரை



ஈழத்துச் சைவ மரபில் வந்த ஞானிகளைப் பற்றி வினா வரும்போது பெரும்பாலான மாணவர்கள் எழுதும் விடை ஒரே மாதிரியானது. பிறந்த ஆண்டு, பிறந்த ஊர், குருவின் பெயர், சமாதியடைந்த ஆண்டு என்று நான்கு வரிகளை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவார்கள். இவை தேவையானவைதாம். ஆனால் “ஆன்மிகப் பயணத்தை விளக்குக” என்று கேட்கும்போது ஆண்டுகளை மட்டும் அடுக்கினால் அது விளக்கமாகாது. ஒருவர் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குச் சென்றார், அதற்கு எது காரணமாயிற்று என்பதைக் காட்டுவதே விளக்கம்.

யோகர் சுவாமிகளின் வாழ்க்கையில் நம் வன்னி மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பகுதி உண்டு. அவரை “யாழ்ப்பாணத்துச் சுவாமி” என்றே நாம் அறிந்திருக்கின்றோம். ஆயினும் அவர் குருவைக் காண்பதற்கு முன்னர் கழித்த முக்கியமான ஆண்டுகள் கிளிநொச்சி மண்ணில், ஒரு சாதாரண அரசாங்க உத்தியோகத்தில் கழிந்தன. அந்த ஆண்டுகளை விட்டுவிட்டு அவருடைய பயணத்தை விளங்கிக்கொள்ள முடியாது.

1. பிறப்பும் இளமையும்

யோகர் சுவாமிகள் 1872ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் திகதி, கந்தசுவாமி கோயிலால் புகழ்பெற்ற மாவிட்டபுரத்தில் பிறந்தார். தந்தையார் அம்பலவாணர், தாயார் சின்னாச்சிப்பிள்ளை. பெற்றோர் இட்ட பெயர் சதாசிவன். பின்னர் யோகநாதன் என்ற பெயர் வழங்கி, அதுவே யோகர் என்றாயிற்று.

பத்து வயது நிறையும் முன்னரே அவர் தாயை இழந்தார். தந்தையார் மலையகத்தில், மஸ்கெலியாவில் வியாபாரம் செய்துவந்தார். எனவே சிறுவனை வளர்க்கும் பொறுப்பு மாமியார் முத்துப்பிள்ளையிடம் வந்தது. அவர் வளர்ந்த இடம் கொழும்புத்துறை. பூநகரி மாணவர்களாகிய உங்களுக்கு அது தூரத்து ஊரன்று. நம் கடனீரேரியின் அக்கரையில் உள்ள ஊர். 2011இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணம் செல்லும் எவரும் எளிதில் சென்று பார்க்கலாம்.

கத்தோலிக்கராக இருந்த நெருங்கிய உறவினர் ஒருவரின் துணையால் அவர் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் கல்வி பயின்றார். சைவக் குடும்பத்துப் பிள்ளை கத்தோலிக்கக் கல்லூரியில் படித்தது அக்காலத்தில் புதுமையன்று. பிற்காலத்தில் எல்லாச் சமயத்தவரும் அவரை நாடி வந்தபோது எவரையும் அவர் வேறாகக் கருதவில்லை. அந்த மனப்பாங்குக்கு இளமைச் சூழலும் ஒரு காரணம் எனலாம்.

இங்கு ஒன்றை நினைத்துப் பாருங்கள். தாயில்லாத பிள்ளை, தந்தை தொலைவில் தொழில் செய்கின்றார், வளர்ப்பவர் மாமியார். இது நம் பகுதியில் பலருடைய வீட்டு நிலைதான். பேத்தியாரோடும் சித்தியோடும் இருந்து இந்தப் பரீட்சைக்குப் படிக்கின்ற பிள்ளைகள் உங்களுள் பலர். ஒரு ஞானியின் இளமை அமைதியான வீட்டில்தான் தொடங்க வேண்டும் என்ற நியதி இல்லை.

2. தேடல் தொடங்குதல்

படிப்பு முடிந்ததும் அவர் மஸ்கெலியாவுக்குச் சென்று சிலகாலம் தந்தையாரின் வியாபாரத்தில் துணைநின்றார். ஆனால் மனம் வியாபாரத்தில் ஒன்றவில்லை. இளவயதிலேயே பிரமச்சரிய வாழ்வை மேற்கொள்ளத் தீர்மானித்தார்.

1897ஆம் ஆண்டு சனவரி மாதம் சுவாமி விவேகானந்தர் யாழ்ப்பாணம் வந்தார். 1893இல் சிக்காகோவில் நடைபெற்ற சர்வமத மாநாட்டில் உரையாற்றி மேலைநாடுகளை வியக்கவைத்த அவர், தாயகம் திரும்பும் வழியில் இலங்கையில் இறங்கினார். யாழ்ப்பாணத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவைக் கேட்டவர்களுள் அப்போது 24 வயதான யோகரும் ஒருவர். அந்த உரையை அவர் முதுமையிலும் மறக்காமல் நினைவுகூர்ந்தார்.

ஒரு சொற்பொழிவு மனிதனை ஞானியாக்கிவிடாது. உள்ளே ஏற்கெனவே இருந்த தீயைத் தூண்டிவிடும். யோகரிடத்தில் நிகழ்ந்தது அதுவே.

3. கிளிநொச்சியில் களஞ்சியக் காப்பாளர்

யோகர் காட்டுக்குத் தவம் செய்யச் செல்லவில்லை. உத்தியோகத்துக்குச் சென்றார். கிளிநொச்சியில் நடைபெற்ற நீர்ப்பாசன வேலைத்தளத்தில், ஸ்ரோர்க்கீப்பர் என்று அக்காலத்தவர் சொன்ன களஞ்சியக் காப்பாளராக, ஆங்கிலப் பொறியியலாளர் ஒருவரின் கீழ்ப் பணியாற்றினார். கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தை அமைக்கும் வேலை 1902இல் தொடங்கப்பட்டது. காடும் காய்ச்சலும் நிறைந்திருந்த வன்னியை மீண்டும் வயல் நிலமாக்கிய காலம் அது.

களஞ்சியக் காப்பாளரின் வேலை எத்தகையது? மண்வெட்டி, கயிறு, இரும்பு முதலிய பொருள்கள் யாவும் அவர் கையில் இருக்கும். ஆனால் ஒன்றும் அவருக்குச் சொந்தமன்று. வந்ததைப் பதிய வேண்டும். கேட்டவருக்கு அளந்து கொடுக்க வேண்டும். கடைசியில் கணக்கு ஒப்படைக்க வேண்டும். சைவசித்தாந்தம் உலக வாழ்வைப் பற்றிக் கூறுவதும் இதுதான். தனு, கரணம், புவனம், போகம் ஆகிய நான்கும் உயிருக்கு இறைவனால் கொடுக்கப்பட்டவை. உடம்பும், மனம் முதலிய கருவிகளும், வாழும் உலகும், நுகரும் பொருளும் நம்மிடம் இருக்கின்றன; நமக்குச் சொந்தமல்ல. கையில் வைத்திருந்தும் “எனது” என்று பற்றாதிருத்தலே பற்றற்ற நிலை.

பகலில் வேலை, இரவில் தியானம் என்று அவருடைய கிளிநொச்சி வாழ்க்கை கழிந்தது. ஆகவே, வேலையை விட்ட பின்னரே அவர் சாதனை தொடங்கியது என எழுதுவது தவறாகும். வேலையில் இருக்கும்போதே மனம் பக்குவப்பட்டது. பக்குவப்பட்ட பின்னரே குரு வாய்த்தார்.

4. நல்லூர்த் தேரடியில் குருதரிசனம்

யோகரின் குரு செல்லப்பா சுவாமிகள். அவர் நல்லூரைச் சேர்ந்தவர். யாழ்ப்பாணக் கச்சேரியில் வேலை பார்த்துப் பின்னர் அதைத் துறந்தவர். கடையிற் சுவாமிகளின் சீடர். கந்தையும் கோலமுமாக நல்லூர்த் தேரடியில் இருந்து தமக்குத் தாமே பேசிக்கொள்வார். ஊரார் அவரை விசரர் என்றே எண்ணினர். அவரும் அந்த எண்ணத்தை மாற்ற முயலவில்லை.

1905ஆம் ஆண்டில் ஒருநாள் யோகர் நல்லூர் வீதியில் சென்றபோது, தேரடியிலிருந்து “யாரடா நீ?” என்று செல்லப்பா சுவாமிகள் உரத்துக் கேட்டார். வெளித்தோற்றத்தில் இது ஓர் அதட்டல். ஆனால் சைவசித்தாந்தத்தின் அடிப்படை வினாவும் இதுவே. நீ இந்த உடம்பா? உன் பெயரா? உன் உத்தியோகமா? இவையெல்லாம் நீக்கினால் எஞ்சுகின்ற நீ யார்? அந்தக் கேள்வி யோகரை அப்படியே நிறுத்திவிட்டது. அவர் விரைவில் உத்தியோகத்தைத் துறந்து குருவின் பின்னே சென்றார்.

5. ஐந்தாண்டுப் பயிற்சி

ஏறத்தாழ ஐந்தாண்டுகள் யோகர் குருவோடு இருந்தார். இது இனிமையான குருகுல வாசம் அன்று. செல்லப்பா சுவாமிகள் ஏசுவார், துரத்துவார். சமைத்து முடித்து உண்ணப்போகும் வேளையில் பானையையே உடைத்துவிடுவார் என்று அடியார்கள் கூறுவர். பசியையும் மானத்தையும் எதிர்பார்ப்பையும் ஒருங்கே உடைக்கின்ற பயிற்சி அது.

1910ஆம் ஆண்டு யோகர் கால்நடையாகக் கதிர்காம யாத்திரை மேற்கொண்டார். ஒரு கட்டத்தில், ஒரு தூணில் இரண்டு யானைகளைக் கட்ட முடியாது என்று சொல்லிக் குரு அவரைத் தம்மிடமிருந்து அனுப்பிவிட்டார் என்பது அடியார் மரபில் வழங்கும் செய்தி. சீடன் இனித் தன் காலில் நிற்க வல்லவன் என்று குரு கண்டுகொண்டதை இது உணர்த்துகின்றது.

6. நான்கு மகாவாக்கியங்கள்

செல்லப்பா சுவாமிகளிடமிருந்து யோகர் சுவாமிகள் பெற்று உலகுக்கு வழங்கிய நான்கு வாக்கியங்கள் மகாவாக்கியங்கள் எனப்படும். பேச்சுத் தமிழில் அமைந்த சிறிய தொடர்கள் இவை.

(அ) ஒரு பொல்லாப்பும் இல்லை: இறைவன் படைப்பில் அடிப்படையான குறை ஒன்றும் இல்லை என்பது கருத்து. துன்பமே இல்லை என்பது இதன் பொருளன்று. தாயை இழந்த ஒருவர், பசியிருந்த ஒருவர் சொன்ன வாக்கியம் இது. துன்பத்தால் உயிரின் உண்மை இயல்பு கெடுவதில்லை என்று விளங்கிக்கொள்ள வேண்டும்.

(ஆ) எப்பவோ முடிந்த காரியம்: யாவும் இறைவன் திருவருளில் முன்னரே நிறைவுபெற்றவை. “எல்லாம் விதி, முயற்சி வேண்டாம்” என்று இதற்குப் பொருள் எழுதாதீர்கள். இதைச் சொன்னவர் 90 வயது கடந்தும் ஓயாமல் தொண்டு செய்தவர். பயனைப் பற்றிய பதற்றம் வேண்டாம் என்பதே இதன் உட்கருத்து.

(இ) நாம் அறியோம்: நம் சிற்றறிவுக்கு முழுமை எட்டாது என்ற பணிவு. (விடைத்தாளை வெறுமையாக விடுவதற்கு இவ்வாக்கியம் துணைவராது!)

(ஈ) முழுதும் உண்மை: காண்பன அனைத்திலும் சிவமாகிய மெய்ப்பொருளே நிறைந்துள்ளது.

7. இலுப்பை மரத்தடியிலிருந்து சிவதொண்டன் வரை

குருவைப் பிரிந்த பின்னர் யோகர் சுவாமிகள் கொழும்புத்துறையில் வீதியோரத்து இலுப்பை மரத்தடியில் சில ஆண்டுகள் தவமிருந்தார். வெயிலும் மழையும் அவருக்கு ஒன்றாக இருந்தன. பின்பு அடியார்கள் வேண்டுகோளால் அருகே ஒரு சிறு குடிலில் தங்கினார். இறுதிவரை அந்த எளிய குடிலே அவருடைய ஆச்சிரமமாக விளங்கியது.

அவரை நாடி விவசாயிகளும் ஆசிரியர்களும் மாணவர்களும் அரசியல்வாதிகளும் வந்தனர். வேடம் போட்டு வந்தவர்களை அவர் கடிந்து அனுப்பிவிடுவார். அவருடைய உபதேசங்களும் பாடல்களும் “நற்சிந்தனை” என்னும் நூலாகத் தொகுக்கப்பட்டுள்ளன. 1935இல் “சிவதொண்டன்” என்ற சஞ்சிகை தொடங்கப்பட்டது. 1953இல் யாழ்ப்பாணத்தில் சிவதொண்டன் நிலையம் அமைந்தது. மட்டக்களப்பு, செங்கலடியிலும் ஒரு நிலையம் நிறுவப்பட்டது.

வெளிநாட்டவரும் அவரிடம் வந்தனர். வரலாற்றுப் பாடத்தில் நீங்கள் படிக்கும் சோல்பரி யாப்பை அறிவீர்கள் அல்லவா? அந்தச் சோல்பரிப் பிரபுவின் மகன் யோகர் சுவாமிகளின் சீடராகிச் சந்தசுவாமி எனப் பெயர் பெற்றார். 1949இல் சுவாமிகளிடம் தீட்சை பெற்ற அமெரிக்க இளைஞர் ஒருவர், சிவாய சுப்பிரமுனிய சுவாமிகள் என்ற பெயருடன் 1970இல் ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் சைவ மடம் ஒன்றை நிறுவினார். தேரடியில் தொடங்கிய மரபு பசிபிக் சமுத்திரம் வரை சென்றது.

8. இறுதிக் காலம்

1961இல் தாம் வளர்த்த பசுவுக்கு உணவு கொடுக்கச் சென்றபோது சுவாமிகள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் சக்கர நாற்காலியே துணையாயிற்று. அந்த நிலையிலும் வந்தவர்களுக்கு வழிகாட்டுவதை அவர் நிறுத்தவில்லை. 1964ஆம் ஆண்டு மார்ச் மாதம், தமது 91ஆவது வயதில் கொழும்புத்துறையில் சமாதியடைந்தார். பங்குனி ஆயிலிய நாளில் அவரது குருபூசை நடைபெறுகின்றது.

9. விடை எழுதும் முறை

சைவத்தின் நான்கு நெறிகளான சரியை, கிரியை, யோகம், ஞானம் என்பவற்றை நீங்கள் படித்திருக்கின்றீர்கள். இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஏறும் படிகள் என்று மட்டும் எண்ணாதீர்கள். ஞானம் பெற்ற யோகர் சுவாமிகள் மேல்படியில் நின்றுவிடவில்லை. மீண்டும் தொண்டுக்கே இறங்கி வந்தார். சிவதொண்டு என்ற சொல்லையே தம் போதனையின் மையமாக வைத்தார். களஞ்சியக் காப்பாளராகத் தொடங்கியவர் கடைசிவரை பிறருடையதைப் பிறருக்கு அளந்து கொடுக்கும் காப்பாளராகவே வாழ்ந்தார் என்று எழுதினால், உங்கள் விடை ஏனையோர் விடையிலிருந்து தனித்து நிற்கும்.

நினைவில் கொள்க:
• 1872: பிறப்பு, மாவிட்டபுரம்
• 1897: விவேகானந்தரின் சொற்பொழிவைக் கேட்டல்
• 1905: செல்லப்பா சுவாமிகளைச் சந்தித்தல்
• 1910: கதிர்காம யாத்திரை
• 1935: சிவதொண்டன் சஞ்சிகை
• 1953: யாழ்ப்பாணம் சிவதொண்டன் நிலையம்
• 1964: சமாதி
• குருபரம்பரை: கடையிற் சுவாமிகள், செல்லப்பா சுவாமிகள், யோகர் சுவாமிகள்

பயிற்சி வினாக்கள்:
1. யோகர் சுவாமிகளின் குரு யார்? அவரை முதலிற் சந்தித்த இடம் யாது?
2. நான்கு மகாவாக்கியங்களையும் எழுதி, அவற்றுள் ஒன்றை விளக்குக.
3. “உலகத் தொழிலும் ஆன்மிகப் பக்குவத்துக்கு உதவும்.” யோகர் சுவாமிகளின் கிளிநொச்சி வாழ்க்கையைக் கொண்டு இக்கூற்றை ஆராய்க.

மூன்றாம் வினாவுக்கு விடை எழுதும்போது உங்கள் ஊரில் குளம் காப்பவர், கடை வைத்திருப்பவர், வகுப்பறைத் திறப்பைப் பொறுப்பேற்றிருப்பவர் எவரையேனும் மனத்தில் கொண்டு எழுதுங்கள். பரீட்சை முடிந்து நீங்கள் எந்த வேலைக்குச் சென்றாலும் அந்த விடை உங்களோடு வரும்.