ஷிப்ட் முடிந்து ஒரு வகுப்பு

கோவை மாவட்டம் சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக் குடோன்களில் ஒரு ஷிப்ட் என்றால் பெரும்பாலும் 12 மணி நேரம். ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்வார். பாவு இழை அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும், தார் தீர்ந்தால் மாற்ற வேண்டும். காதில் அந்த இரைச்சலோடு வீடு திரும்புகிறவர் முப்பது வயதில் மறுபடி படிக்க நினைத்தால், கட்டணத்தைவிடப் பெரிய கேள்வி நேரம்தான்.

வேலைக்குப் போகிறவர்களை மனதில் வைத்தே திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டன. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இல் வந்தது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல். முதலாவதில் மூன்றாண்டு பி.ஏ.வை ஆறு ஆண்டுகள் வரை இழுத்து முடிக்கலாம். வழிகாட்டு வகுப்புகள் பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில் நடக்கும்.

ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. பத்தாவதோடு நின்றவர் பிளஸ் 2 எழுதாமல், ஆயத்தப் படிப்பு வழியாக நேரே பட்டம் வாங்க ஒரு காலத்தில் வழி இருந்தது. அப்படி வாங்கிய பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009இல் தமிழக அரசு ஆணையிட்டது. மூன்று ஆண்டு உழைத்தபின் இது தெரியவருவது கொடுமை. பத்து, பிளஸ் 2, பட்டம் என்ற வரிசை மாறவே கூடாது. பிளஸ் 2-வைத் தனித்தேர்வராக எழுதலாம். சேரப்போகும் தொலைநிலைப் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் உண்டா என்பதையும் பணம் கட்டும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

பொறியியலைத் தொலைநிலையில் படிக்க முடியாது. டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவர்களுக்குக் கோவையின் பி.எஸ்.ஜி., சி.ஐ.டி., அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆகிய பொறியியல் கல்லூரிகள் பல்லாண்டுகளாக மாலை நேரப் பகுதிநேர பி.இ. நடத்திவந்திருக்கின்றன. மொத்தம் ஏழு பருவங்கள், மூன்றரை ஆண்டுகள்.

இதே வட்டாரத்தில் வேறொரு வழியும் நடைமுறையில் இருக்கிறது. அரசூர், கருமத்தம்பட்டி, தெக்கலூரில் ஆலைகள் உள்ள கே.பி.ஆர். மில், விடுதியில் தங்கி வேலை செய்யும் பெண்களுக்கு ஷிப்ட் முடிந்ததும் ஆலை வளாகத்திலேயே வகுப்பு நடத்துகிறது. விட்ட பள்ளிப் படிப்பை முடித்து, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாகப் பட்டம் வாங்கியவர்கள் அங்கே ஏராளம். பேருந்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, சமையல் வேலை இல்லை, கூடவே படிக்கத் தோழிகள் இருக்கிறார்கள். அந்தப் பெண்களின் உழைப்புக்குக் கை கொடுத்தவை இவைதான்.

சோமனூர்த் தறிக்காரருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. குடோன் உரிமையாளரே ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவும் நூலும் வாங்கிக் கூலிக்கு நெய்துகொடுப்பவர். கூலி உயர்வுக்காக அவரே அடிக்கடி போராட வேண்டியிருக்கிறது. வகுப்பறை கட்ட அவரால் எப்படி முடியும்? ஊரிலுள்ள அரசுப் பள்ளியின் அறைகள் மாலை ஐந்துக்குப் பிறகு பூட்டியே கிடக்கின்றன. பகல் ஷிப்ட்காரர்களுக்கு ராத்திரியிலும், ராத்திரி ஷிப்ட்காரர்களுக்கு வேலைக்குப் போகும் முன் மாலையிலுமாக பிளஸ் 2 தனித்தேர்வர் வகுப்பு ஒன்றை அரசு அங்கேயே தொடங்கலாம். ஷிப்ட் மாறும் வாரம் தானும் நேரம் மாறிக்கொள்கிற வகுப்பாக அது இருக்க வேண்டும்.