துப்புரவு நிறுத்தமும் வெட்டு உத்தரவும்

வயலில் கரும்பு முற்றி நிற்கும் வேளையில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஒருநாள் நின்றுவிட்டால் அங்கத்தினர்கள் மனம் வருந்துவது இயல்பு. "இயந்திரத்துக்கு ஓய்வு வேண்டுமாயின் பருவம் முடிந்தபின் கொடுக்கலாகாதா?" என்று வினவுவோரும் உளர். ஆயினும் அரவைப் பருவத்தின் நடுவே ஆலை நின்றே தீரவேண்டிய நாட்கள் சில உண்டு. அவற்றை என்று அமைப்பது, யாருக்கு எப்பொழுது அறிவிப்பது என்பதில்தான் நம் இலாபநட்டம் அடங்கியிருக்கிறது.

கரும்புச் சாற்றின் 100 பங்கில் ஏறக்குறைய 15 பங்கே கரைந்துள்ள திடப்பொருள். அதனை 60 பங்கு திடப்பொருளுடைய பாகாக்க, 100 பங்கு சாற்றிலிருந்து 75 பங்கு நீரை ஆவியாக்கியாக வேண்டும். இவ்வேலையைச் செய்யும் கலங்களின் குழாய்களுக்குள்ளே சுண்ணாம்புச் சத்தும் மணற்சத்தும் கலந்த படிவு நாள்தோறும் ஏறுகிறது. வெந்நீர்ப் பானையின் அடியில் உப்புப் பிடிப்பதைப் போன்றதே இது. படிவு தடிக்கத் தடிக்கச் சாற்றுக்கு வெப்பம் எட்டுவதில்லை; பாகு நீர்த்து வருகிறது; கொதிகலன் சக்கையை மிகுதியாக விழுங்குகிறது; இறுதியில் அரவையையே குறைக்க நேரிடுகிறது. காரச் சோடாக் கரைசலைக் கொதிக்க வைத்துக் குழாய்களைத் தேய்த்தெடுப்பதே இதற்குரிய வழி.

நாளொன்றுக்கு 2,500 டன் அரைக்கும் ஆலையில், படிவின் காரணமாக அரவை 2,200 டன்னாகக் குறைந்ததென்று வைத்துக்கொள்வோம். "இன்னும் ஒரு வாரம் ஓடட்டும்" என்று துப்புரவைத் தள்ளிப்போட்டால், எட்டு நாட்களில் இழப்பது 2,400 டன். ஒருநாள் நிறுத்தத்தால் மிச்சமாகும் என்று எண்ணிய அரவை ஏறக்குறைய முழுவதும் அதிலேயே போய்விட்டது; துப்புரவோ இன்னும் பாக்கி!

உழவருக்கு இதைவிடப் பெரிய கவலை வேறொன்று உண்டு. வெட்டிய கரும்பு கூடியவரை 24 மணி நேரத்துக்குள் அரவைக்குச் செல்லவேண்டும். தாமதித்தால் எடை குறைவதுடன், உள்ளிருக்கும் சர்க்கரையும் சிதைகிறது. 2024-25ஆம் பருவத்தில் மத்திய அரசு 10.25 விழுக்காடு பிழிதிறனுக்குக் குவிண்டாலுக்கு 340 ரூபாய் என விலை நிர்ணயித்தது; அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு 0.1 விழுக்காட்டுக்கும் 3 ரூபாய் 32 காசு கூடுதல். பிழிதிறன் ஆலை முழுவதற்கும் பொதுவானதாகையால், முற்றத்தில் ஒருவருடைய வண்டி காய்ந்தாலும் நட்டம் அனைவரையும் சாரும். எனவே துப்புரவு நாளைக் குறிக்கும் பொறியாளரும் வெட்டு உத்தரவு வழங்கும் கரும்பு அலுவலரும் ஒரே ஏட்டைப் பார்த்து வேலை செய்தல் வேண்டும். இரு பிரிவினரும் தனித்தனி ஏடு வைத்திருக்கும் ஆலைகளில்தான் வண்டிகள் வரிசையாகத் தேங்குகின்றன.

நெசவாளர் இம்முறையை நன்கறிவர். விழுது பழுதாயிருந்தால், பாவு முடிந்து அடுத்த பாவு பிணைக்கும் இடைவேளையில் அதை மாற்றுவரேயன்றி, நடுச்சேலையில் தறியைக் கலைப்பதில்லை. ஆலையிலும் அவ்வாறே, கரும்பு வெட்டும் கத்திகள், தாங்கிகள், பம்புகள் ஆகியவற்றின் சிறு பழுதுகளை அவ்வப்போது குறித்துவைத்து, துப்புரவு நாளிலேயே பார்த்துவிடலாம். உதிரிப் பாகங்கள் முன்கூட்டியே களஞ்சியத்தில் இருந்தாலன்றோ இது கைகூடும்? பொதுக்குழுவில் உதிரிப் பாகச் செலவை முதலில் வெட்டச் சொல்வோர் இதனைச் சிந்திப்பார்களாக. எதிர்பாராமல் நான்கு மணி நேரம் ஆலை நின்றாலும் அந்தக் குறிப்பைக் கொண்டு இரண்டொரு வேலையை முடித்துக்கொள்ளலாம். உருளைகளைக் கழற்றிச் சீர்செய்வது போன்ற பெரிய வேலைகள் மட்டுமே பருவம் முடியும்வரை காத்திருக்கலாம்.

துப்புரவுத் தேதியைக் குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன்பே கோட்ட அலுவலகப் பலகையில் எழுதிவிடுதல் நலம். வெட்டாட்களுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். டன் கணக்கில் கூலி பெறும் அவர்கள், வேலையில்லாத அந்நாளில் ஊர் சென்று திரும்ப அவகாசம் கிடைக்கும்.