முன்பாரமும் பின்பாரமும்

படகு நீரில் ஓடப் பிறந்தது. ஆனால் ஏரி தொலைவில் இருக்கும் நம்மைப் போன்றவர்கள், அதைத் தரையில் இழுத்துச் செல்லவே முதலில் கற்க வேண்டும். ஐதராபாத்தில் உசேன் சாகருக்குப் போகும் சாலையில் நான் கற்ற பாடம் இது.

நண்பர்கள் நால்வர் சேர்ந்து பழைய எண்டர்பிரைஸ் பாய்ப்படகு ஒன்றை வாங்கினோம். 1956இல் இங்கிலாந்தில் ஜாக் ஹோல்ட் வடிவமைத்த வகை அது. இருவர் செலுத்தலாம், நீளம் 4 மீட்டர். அதற்கென இருசக்கர டிரெய்லர் ஒன்றைப் பட்டறையில் செய்வித்து, ஒரு ஞாயிறன்று ஜீப்பில் பூட்டிப் புறப்பட்டோம். வேகம் 50 கிலோமீட்டரைத் தொட்டதும் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கியது. பிறகு ஜீப்பையே இடமும் வலமும் இழுத்தது. எதிரே பேருந்து! ஓட்டிய நண்பர் பதறிப் பிரேக்கை மிதிக்கவில்லை. திருப்பு சக்கரத்தை நேராகப் பிடித்து, வேகத்தை மெல்லத் தளரவிட்டார். அதனால் பிழைத்தோம்.

சாலையோரம் நின்றபோது என் தாத்தாவின் நினைவு வந்தது. மாட்டுவண்டியில் நெல்மூட்டை ஏற்றும்போது, “பின்பாரம்டா, முன்னே தள்ளு” என்று அதட்டுவார். பின்பாரமானால் நுகம் மேலெழுந்து, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரமானால் நுகம் கழுத்தை அழுத்தும். எங்கள் டிரெய்லருக்கு நேர்ந்ததும் பின்பாரமே. அச்சுக்குப் பின்னால் சுமை மிகுந்தால், வண்டியின் மூக்கு லேசாகி, சிறு அசைவும் பெரும் ஆட்டமாக வளரும்.

மொத்த எடையில் 5 முதல் 10 விழுக்காடு கொக்கியின்மேல் அமர வேண்டும் என்பது பொது விதி. இதை அளப்பது எளிது. சமதரையில் சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, வழக்கமான உயரத்தில் கொக்கியின் அடியில் எடைக் கருவியை வையுங்கள். எங்கள் வண்டியும் படகும் சேர்ந்து 220 கிலோ. எனவே மூக்கில் 11 முதல் 22 கிலோ வேண்டும். இருந்ததோ 4 கிலோ! அச்சிலிருந்து கொக்கி 3 மீட்டர். பாய்மரத்தோடு படகு 120 கிலோ. படகை 30 சென்டிமீட்டர் முன்னே நகர்த்தினால், 120ஐ 0.3ஆல் பெருக்கி 3ஆல் வகுக்க, 12 கிலோ கூடும். முகப்புத் தாங்கியை அவ்வளவு முன்தள்ளினோம். மூக்கின் எடை 16 கிலோ ஆயிற்று.

அடுத்து, படகு எங்கே அமர்கிறது என்பது. அதன் பாரத்தை அடிநடுவில் ஓடும் ஏராக்கட்டை தாங்க வேண்டும். பக்கத் தாங்கிகள் சாயாமல் பிடித்தால் போதும். அவையும் உள்ளே சட்டம் உள்ள இடத்தின் நேர்கீழே இருக்கட்டும். வெறும் பலகையில் முட்டுக் கொடுத்தால், ஒவ்வொரு பள்ளத்திலும் பலகை அடிபட்டு விரிசல் காணும். படகைவிட நீளமான பாய்மரத்துக்கு இரு முனையிலும் தாங்கல் வேண்டும். பின்னே நீளும் நுனியில் சிவப்புத் துணி கட்டுங்கள். கட்டுவார்களைப் படகோடு நிறுத்தாமல் வண்டிச் சட்டத்தோடு சேர்த்து இறுக்குங்கள். கொக்கி கழன்றாலும் வண்டியைப் பிடித்துக்கொள்ளக் காப்புச் சங்கிலி வேண்டும்.

கரை சேர்ந்ததும் டிரெய்லரை நீரில் இறக்காதீர்கள். ஓடிச் சூடான சக்கரக்குடம் குளிர்நீர் பட்டதும் நீரை உள்ளிழுக்கும். கிரீஸ் கெட்டு பேரிங் துருப்பிடிக்கும். படகை இறக்க இலேசான கைவண்டி ஒன்று தனியே இருப்பது நலம்.

அடுத்த ஞாயிறு மீண்டும் புறப்பட்டோம். சிறிது தொலைவு சென்றதும் நிறுத்தி எல்லாக் கட்டுகளையும் தொட்டுப் பார்த்தோம். இன்றும் அப்படியே செய்கிறோம். வண்டி வாலாட்டவில்லை. தாத்தா இருந்திருந்தால், இதற்கு எடைக் கருவி எதற்கென்று சிரித்திருப்பார்.