குதிரையைக் கூட்டவா, பாரத்தைக் குறைக்கவா?

சங்கத்தின் பொங்கல் விழாவில் பந்திக்குக் காத்திருந்தபோது இரண்டு இளைஞர்கள் என்னிடம் ஒரு வழக்கைக் கொண்டு வந்தார்கள். இருவரும் படிப்பை முடித்து வேலையில் சேர்ந்தவர்கள். இருவரிடமும் பழைய சிறிய கார். ஒருவர் காஷ்மீரி கேட்டில் பெரிய எஞ்சின் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். அதைத் தன் காரில் மாட்டப் போகிறாராம். மற்றவரோ, "அந்தச் செலவே வேண்டாம், பின் ஸீட்டையும் ஸ்டெப்னியையும் கழற்றி வைத்தால் போதும், வண்டி பறக்கும்" என்கிறார். "மாமா, ரயில்வேயில் இருந்தவர் நீங்கள், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்றார்கள். அதற்குள் இலை போட்டுவிட்டார்கள். அன்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். பெற்றோர்களும் படிப்பது நல்லது. பிள்ளையின் சம்பளப் பணத்தோடு பிள்ளையின் உயிரும் இந்த விஷயத்தில் சம்பந்தப்பட்டிருக்கிறது.

முதலில் 'வேகம்' என்ற சொல்லையே இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி எத்தனை நொடியில் 60 கிலோமீட்டரை எட்டுகிறது என்பது ஒன்று. இது முடுக்கம். காலியான நெடுஞ்சாலையில் ஆக்ஸிலேட்டரைக் கடைசி வரை மிதித்தால் முள் எங்கே போய் நிற்கிறது என்பது இன்னொன்று. இது உச்ச வேகம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. இளைஞர்கள் இருவரும் இதைப் பிரிக்காமல்தான் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

உச்ச வேகத்தை முதலில் முடித்துவிடுவோம். அந்த நிலையில் எஞ்சின் பெரும்பாலும் காற்றோடுதான் மல்லுக்கட்டுகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதை வெல்லத் தேவையான சக்தி வேகத்தின் கனத்துக்கு ஏற்பக் கூடும். 40 குதிரைசக்தியில் 120 கிலோமீட்டர் போகும் வண்டியை 150 கிலோமீட்டர் போகச் செய்ய வேண்டுமானால் சுமார் 78 குதிரைசக்தி வேண்டும். கால் பங்கு கூடுதல் வேகத்துக்கு ஏறக்குறைய இரட்டிப்புச் சக்தி! எடையைப் பத்து சதவிகிதம் குறைத்தாலோ, உச்ச வேகத்தில் ஒரு கிலோமீட்டர் கூடினாலே அதிகம். சக்கரம் உருள்வதில் உள்ள தடை மட்டுமே எடையோடு குறையும். காற்றுக்கு உங்கள் வண்டியின் எடை தெரியாது, அதன் உருவம்தான் தெரியும். ஆகவே இந்த ஒரு விஷயத்தில் எஞ்சின்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் நம் ஊர் ரிங் ரோட்டில் 150 கிலோமீட்டர் வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

முடுக்கத்தின் கதை வேறு. பள்ளியில் படித்த நியூட்டனின் இரண்டாம் விதிதான்: ஒரே விசை, பாதிப் பொருள், இரட்டிப்பு முடுக்கம். எனவே வண்டியின் குதிரைசக்தியை மட்டும் பார்க்காமல், ஒரு டன் எடைக்கு எத்தனை குதிரைசக்தி என்று பார்க்க வேண்டும். 1,000 கிலோ எடையும் 60 குதிரைசக்தியும் உள்ள வண்டியில் 100 கிலோவைக் குறைத்தால், எஞ்சினை 60-லிருந்து 66 அல்லது 67-க்கு உயர்த்தியதற்குச் சமம்.

இதற்கு நாம் எல்லோரும் கண்ணால் கண்ட உதாரணம் அம்பாஸிடரும் மாருதி 800-ம். அம்பாஸிடரின் பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் சுமார் 50 குதிரைசக்தி தந்தது; வண்டி சுமார் 1,100 கிலோ. டன்னுக்கு 45. 1983 டிசம்பரில் குர்காவ்னிலிருந்து வெளிவந்த மாருதியில் மூன்றே ஸிலிண்டர், 796 சி.சி., சுமார் 38 குதிரைசக்தி. எஞ்சினைப் பார்த்தவர்கள் "தையல் மிஷின்" என்று சிரித்தார்கள். ஆனால் வண்டியின் எடை சுமார் 650 கிலோதான். டன்னுக்கு 58! சிக்னலில் அம்பாஸிடரைப் பின்னால் விட்டுவிட்டுப் போனதன் ரகசியம் இவ்வளவுதான். பிறகு 1990-களின் தொடக்கத்தில் அம்பாஸிடருக்கு இஸுஸுவின் 1.8 லிட்டர் எஞ்சின் வந்தது. சுமார் 75 குதிரைசக்தி. டன்னுக்கு 65 என்று ஆயிற்று. அதாவது அந்தப் பெரிய வண்டி, சின்ன மாருதியை எட்டிப் பிடித்துச் சற்றே முந்துவதற்கு ஏறக்குறைய அதைப் போல் இரண்டு மடங்கு குதிரைசக்தி தேவைப்பட்டது. இரண்டு வண்டிகளின் உற்பத்தியும் 2014-இல் நின்றுபோயிற்று. கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்தக் கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. இரண்டு வண்டியிலும் நான்கு பேரையும் பெட்டி படுக்கையையும் ஏற்றுங்கள். 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இஸுஸு அம்பாஸிடர் டன்னுக்கு 52-க்கு இறங்குகிறது. மாருதியோ 40-க்கு விழுந்துவிடுகிறது. லேசான வண்டிக்கு ஒவ்வொரு பயணியும் பெரிய சுமை. குடும்பத்தோடு டேராடூனிலிருந்து மசூரி ஏறியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பதினைந்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, ஒவ்வொரு 100 கிலோவுக்கும் சுமார் ஒரு குதிரைசக்தி தனியாக வேண்டும். போதாக்குறைக்கு மசூரி இருக்கும் 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினின் சக்தியும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்துவிடும். வண்டியின் எடை குறையாது.

சக்தியைக் கூட்டுவதில் உள்ள தொல்லை, அது தனியாக வருவதில்லை. பெரிய எஞ்சின் என்றால் அதைத் தாங்க உறுதியான சட்டம், பெரிய கியர்பாக்ஸ், பெரிய ரேடியேட்டர், கடினமான ஸ்பிரிங், பெரிய பிரேக். ஒவ்வொன்றும் எடை. அந்த எடையை இழுக்க இன்னும் கொஞ்சம் சக்தி. எடையைக் குறைத்தால் இதே சங்கிலி எதிர்த் திசையில் ஓடும். முக்கியமாக பிரேக்கைச் சொல்ல வேண்டும். 80 கிலோமீட்டரில் போகும் ஒரு டன் வண்டியைவிட 100 கிலோமீட்டரில் போகும் அதே வண்டியிடம் 56 சதவிகிதம் அதிக இயக்க ஆற்றல் இருக்கிறது. நிறுத்தும்போது அது முழுவதும் வெப்பமாக பிரேக்கில்தான் இறங்க வேண்டும். எஞ்சினை மாற்றிவிட்டு பிரேக்கைப் பழையபடி விட்டுவைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பந்தய உலகில் இந்த வழக்கை எடைக் குறைப்பின் பக்கம் நின்று வாதாடியவர் இங்கிலாந்தின் காலின் சாப்மன், லோட்டஸ் நிறுவனத்தை உருவாக்கியவர். அவர் படித்தது கட்டுமான எஞ்சினியரிங். வண்டியையும் அவர் ஒரு பாலத்தைப் போலவே பார்த்தார்: எந்த உறுப்பு எவ்வளவு பாரம் தாங்குகிறது, தாங்காமல் சும்மா இருப்பது எது? 1962-இல் அவர் இறக்கிய லோட்டஸ் 25 காரில் குழாய்களால் ஆன சட்டம் கிடையாது. ஆகாய விமானம் போல வெளித் தகடே பாரத்தைத் தாங்கியது. முந்தைய மாடலின் சட்டத்தோடு ஒப்பிட்டால் எடை ஏறக்குறைய பாதி. முறுக்கத்தைத் தாங்கும் விறைப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. அந்நாளில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் 1.5 லிட்டருக்கு மேல் எஞ்சின் கூடாது. லோட்டஸில் இருந்த கோவென்ட்ரி கிளைமாக்ஸ் எஞ்சின் கூப்பர், பிராபம் போன்ற போட்டியாளர்களிடமும் இருந்தது. ஆனால் 1963-இல் பத்துப் பந்தயங்களில் ஏழை ஜிம் கிளார்க் லோட்டஸில் ஜெயித்து உலக சாம்பியன் ஆனார். ஓட்டியவரின் கைத்திறமைக்குப் பெரும் பங்கு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனாலும் எஞ்சின் ஒன்றாக இருக்கும்போது வித்தியாசம் எங்கே இருந்தது என்பது தெளிவு.

அதே லோட்டஸின் இருண்ட பக்கத்தையும் சொல்லாவிட்டால் பாதிக் கதைதான். உறுப்புகளை மிகவும் மெலிதாகச் செய்கிறார்கள் என்ற குறை அந்த நிறுவனத்தின் மேல் நெடுங்காலம் இருந்தது. 1970 செப்டம்பரில் இத்தாலியின் மோன்ஸாவில் லோட்டஸ் 72 காரை ஓட்டிய யோகன் ரிண்ட் பயிற்சியின்போது மோதி இறந்தார். முன் பிரேக்குக்குப் போகும் தண்டு முறிந்ததில் விபத்து தொடங்கியது. ஓரத்துத் தடுப்புவேலி சரியாக அமைக்கப்படாததால் அது உயிர்ச் சேதமாக முடிந்தது என்று விசாரணையில் வந்தது. அவ்வாண்டின் உலக சாம்பியன் பட்டம் இறந்த பிறகுதான் அவருக்குக் கிடைத்தது.

ரயில்வேக்காரன் என்பதால் எடைக்கு ஆதரவாகவும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. நாங்கள் எஞ்சினின் எடையை வேண்டுமென்றே கூட்டுவோம்! WAG-9 என்ற சரக்கு எஞ்சின், அதாவது டபிள்யு.ஏ.ஜி. 9, 123 டன் எடை கொண்டது. அதில் மேலும் 12 டன் பாரம் சேர்த்து 135 டன் ஆக்கியதுதான் 9-ஹெச் ரகம். காரணம், இரும்புச் சக்கரத்துக்கும் இரும்புத் தண்டவாளத்துக்கும் இடையே பிடிப்பு மிகக் குறைவு. எவ்வளவு குதிரைசக்தி இருந்தாலும் சக்கரம் தண்டவாளத்தை அழுத்திப் பிடிக்காவிட்டால் அது நின்ற இடத்திலேயே சுற்றும். காரில் ரப்பர் டயருக்கும் காய்ந்த தார் ரோட்டுக்கும் பிடிப்பு பலமாக இருப்பதால் இந்தத் தேவை இல்லை. ஆனால் மழை நாளில், முன் சக்கரம் இழுக்கும் சிறிய காரில் இரட்டிப்பு சக்தியை வைத்து முதல் கியரில் மிதித்துப் பாருங்கள். எங்கள் எஞ்சினுக்கு நேர்வது காருக்கும் நேரும். வாங்கிய குதிரைகளில் பாதி டயரைத் தேய்க்கத்தான் உதவும்.

சரி, எடைதான் குறைய வேண்டும் என்று ஆயிற்று. அப்படியானால் பின் ஸீட்டைக் கழற்றச் சொன்னவர் ஜெயித்தாரா? இல்லை. எதைக் கழற்றுவது என்பதில் அவர் தவறுகிறார்.

கனமான வண்டிதான் பாதுகாப்பு என்று நம் பெரியவர்கள் பலர் நினைக்கிறார்கள். அம்பாஸிடரின் தகட்டைத் தட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்ட தலைமுறை. பாதுகாப்பு எடையில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955 முதல் செய்துவந்த பழைய வகைப் பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-இல் அவற்றின் தயாரிப்பு நின்று, நீலத்துக்குப் பதில் சிவப்பாக நாம் பார்க்கும் எல்.ஹெச்.பி. வகைக்கு மாறினார்கள். அவை நீளம் அதிகம். மீட்டர் கணக்கில் பார்த்தால் எடை குறைவு. ஆனால் விபத்தில் ஒரு பெட்டி மற்றதன் மேல் ஏறாதபடி அவற்றின் இணைப்பு அமைந்திருக்கிறது. பழைய பெட்டிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடந்த விபத்து இடங்களைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கார்களிலும் அப்படியே. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு, காற்றுப்பை இல்லாத ஐந்து இந்திய கார்களை மோதிப் பார்த்தது. பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்ய நட்சத்திரம்தான். ஆனால் அவற்றில் இரண்டின் கூடு குலையாமல் நின்றது. காற்றுப்பை இருந்தால் அவை தேறும் என்றார்கள். மற்ற மூன்றின் கூடே தாங்கவில்லை. கூடு தாங்காத வண்டியில் எதைப் பொருத்தினாலும் பயன் குறைவுதான். அதன் பிறகு நம் நாட்டிலும் மோதல் சோதனை கட்டாயம் ஆயிற்று. 2019-இல் ஓட்டுநருக்குக் காற்றுப்பையும் கட்டாயம் ஆயிற்று. இன்றைய கார் 800-ஐவிடக் கனமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நியாயமான எடை அது.

ஆகவே முன் பம்பருக்குப் பின்னால் இருக்கும் குறுக்குச் சட்டம், கதவுக்குள் இருக்கும் இரும்புத் தண்டு, ஸீட் பெல்ட், காற்றுப்பை, ஸீட்டின் தலைதாங்கி, இவற்றில் கை வைக்கவே கூடாது. பின் ஸீட்டைக் கழற்றிய வண்டியில் அவசரத்துக்கு ஒரு நண்பர் தரையில் உட்கார்ந்து வருவார்; பெல்ட் மாட்ட அவருக்கு இடம் கிடையாது. எஞ்சின் மாற்றுபவருக்கும் ஒரு எச்சரிக்கை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்திருக்கிறது. எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதியும் ஆர்.சி. புத்தகத்தில் பதிவும் வேண்டும். இல்லாவிட்டால் விபத்து நேரும்போது இன்ஷூரன்ஸ்காரர் கையை விரிக்க அது ஒரு காரணம் ஆகும்.

தாராளமாக இறக்கக் கூடியவை எவை? டிக்கியைத் திறந்து பாருங்கள். போன வருஷம் ஊரிலிருந்து கொண்டுவந்த மாவு அரைக்கும் கல் இன்னும் அங்கேயே இருக்கும் குடும்பம் ஒன்றை நான் அறிவேன். கூரை மேல் கேரியர் வேண்டாதபோது கழற்றப்பட வேண்டும். அது எடையோடு காற்றுத் தடையையும் சேர்க்கிறது. ஸ்டெப்னி இருக்கட்டும்.

கடைசியாகச் சக்கரம். சக்கரத்தின் விளிம்பில் உள்ள ஒரு கிலோ, முடுக்கத்தின் கணக்கில் இரண்டு கிலோவுக்குச் சமம். அது வண்டியோடு முன்னே போகவும் வேண்டும், சுற்றவும் வேண்டும். எனவே செலவு செய்தே தீருவேன் என்பவர்கள் லேசான சக்கரத்தில் செய்யலாம். ஆனால் அலாய் என்றாலே லேசு என்று நம்பிவிடாதீர்கள். விட்டம் பெரிதாகிவிட்டால் அலாய் சக்கரமும் அதற்கேற்ற டயரும் சேர்ந்து, வண்டியோடு வந்த இரும்புச் சக்கரத்தைவிடக் கனமாக இருப்பது உண்டு. கடையில் பழையதையும் புதியதையும் டயரோடு தராசில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். விட்டமும் அகலமும் கையேட்டில் தயாரிப்பாளர் குறித்திருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு பணத்தை எடுங்கள்.