காற்றாலை பக்கத்தில் வருகிறதா? வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே கணக்குப் போடலாம்!

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எக்செல் சாப்ட்வேரை எதற்குப் பயன்படுத்துகிறார்கள்? பெரும்பாலும் மளிகைச் செலவு எழுதவும், சீட்டுப் பணம் கணக்குப் பார்க்கவும்தான். அதே எக்செல், உங்கள் ஊருக்குக் காற்றாலை வரும்போது அதன் சத்தம் வீட்டு வாசலில் எவ்வளவு இருக்கும் என்றும் சொல்லிவிடும். இந்த மாதம் அதைப் பார்ப்போம். கூடவே காற்றாலையால் ஊருக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன நன்மை, என்ன தொல்லை என்பதையும் தெரிந்து கொள்வோம்.

நம் ஊரில் ஏன் இத்தனை காற்றாலைகள்?

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய இடங்களில் கணவாய்கள் உள்ளன. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்த இடைவெளிகளில் நெருக்கியடித்துக் கொண்டு வேகமாக நுழைகிறது. முப்பந்தல், கயத்தாறு, உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் குவிந்திருப்பதற்கு இதுதான் காரணம். 1986ல் தூத்துக்குடி அருகே முல்லக்காட்டில் 55 கிலோவாட் இயந்திரங்களுடன் தொடங்கியது. இன்று தமிழகத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

நன்மையை முதலில் சொல்லிவிடலாம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரி சுமார் 820 கிராம் கரியமில வாயுவை வெளியிடுகிறது என்றால், காற்றாலை அதைத் தயாரிப்பது முதல் கழற்றுவது வரை எல்லாம் சேர்த்தும் சுமார் 11 கிராம்தான். இது ஐ.நா.வின் பருவநிலை மாற்றக் குழு 2014ல் தந்த கணக்கு. புகை இல்லை, சாம்பல் இல்லை, குளிர்விக்கத் தண்ணீரும் தேவையில்லை. கோபுரங்களுக்கு இடையே உள்ள நிலத்தில் விவசாயமும் செய்யலாம்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

பழைய இயந்திரங்கள் 30 மீட்டர் உயரக் கோபுரத்தில் 225, 250 கிலோவாட் தயாரித்தவை. அவற்றைக் கழற்றிவிட்டு 100 மீட்டருக்கும் மேல் உயரமான, பத்து மடங்கு திறன் கொண்டவற்றை வைக்கிறார்கள். இதற்காகத் தமிழக அரசு 2024ல் தனிக் கொள்கையே வெளியிட்டது. ஒரு முக்கியமான விஷயம். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் காற்றாலை இல்லை. எனவே அதன் கீழ் நடக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் இல்லை. கேட்க வேண்டியதை நிலத்துக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும்தான் கேட்டாக வேண்டும்.

பணகுடி பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு இந்தக் கேள்வி வந்தது. "கம்பெனிக்காரங்க நல்ல விலை சொல்லுதாங்க மக்கா. ராத்திரி தூங்க முடியுமா, அத மட்டும் நீ பாத்துச் சொல்லு" என்று போனில் கேட்டார். நான் செய்து பார்த்ததைத்தான் கீழே படிப்படியாகத் தருகிறேன்.

படி 1: தூரத்தை அளப்பது

கூகுள் எர்த் சாப்ட்வேரைத் திறந்து உங்கள் வீட்டைக் கண்டுபிடியுங்கள். மேலே உள்ள ரூலர் பட்டனைக் கிளிக் செய்யுங்கள். முதலில் வீட்டின் மீதும், பிறகு கோபுரம் வரப்போகும் இடத்தின் மீதும் கிளிக் செய்தால் தூரம் மீட்டரில் கிடைக்கும். சித்தப்பா வீட்டுக்குக் கிடைத்த தூரம் 350 மீட்டர். கோபுரம் வீட்டுக்கு மேற்கே.

படி 2: சத்தத்தைக் கணக்கிடுவது

பெரிய காற்றாலை ஒன்றின் ஒலித்திறன் சுமார் 105 டெசிபல் இருக்கும். சரியான எண் இயந்திரத்தின் விவரத்தாளில் இருக்கும், கேட்டு வாங்குங்கள். தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும்.

எக்செல்லில் (இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் இதே முறைதான்) ஏ2 செல்லில் தூரத்தை டைப் செய்யுங்கள். பி2 செல்லில் கீழ்க்கண்டதை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து என்டர் தட்டுங்கள்:

=105-8-20*லாக்10(ஏ2)

இதில் 8 என்பது ஒலி தரையில் பட்டு மேல்நோக்கி அரைக்கோளமாகப் பரவுவதற்கான கழிவு. பல தூரங்களுக்குப் போட்டுப் பார்த்தால் விடை இப்படி வரும்:

100 மீட்டர் - 57 டெசிபல்
200 மீட்டர் - 51 டெசிபல்
350 மீட்டர் - 46 டெசிபல்
500 மீட்டர் - 43 டெசிபல்
1000 மீட்டர் - 37 டெசிபல்

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று எல்லை வைத்துள்ளன. 350 மீட்டரில் இரவு எல்லை தாண்டுகிறது. 500 மீட்டரில் தாண்டவில்லை. ஆனால் 500 மீட்டரில் இரண்டு இயந்திரங்கள் இருந்தால் 3 டெசிபல் கூடி 46 ஆகிவிடும். எனவே எத்தனை கோபுரங்கள் என்பதும் முக்கியம். காற்று ஒலியை உறிஞ்சுவதையும், மரங்களையும் நாம் சேர்க்கவில்லை. அதனால் இதைச் சற்றுக் கூடுதலான மதிப்பாகவே எடுத்துக் கொள்ளுங்கள்.

அரசின் தூர விதி என்ன சொல்கிறது?

மத்திய அரசின் 2016 வழிகாட்டுதலின்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் சேர்ந்திருக்கும் இடத்திலிருந்து 500 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். தனிக் கட்டிடம், சாலை போன்றவற்றுக்குக் கோபுர உயரம், இறக்கை வட்டத்தின் விட்டத்தில் பாதி, அதோடு 5 மீட்டர் ஆகியவற்றைக் கூட்டி வரும் தூரம் போதும். உயரம் 120, விட்டம் 120 என்றால் 185 மீட்டர்தான் வருகிறது. கோபுரம் சாய்ந்தால் மேலே விழாமல் இருக்க இது சரி. ஆனால் நம் கணக்கில் 185 மீட்டரில் சத்தம் 50 டெசிபலைத் தாண்டும். தோட்டத்தில் தனி வீடு வைத்திருப்பவர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும்.

இந்தச் சத்தத்தால் நோய் வருமா? கனடா நாட்டு சுகாதாரத் துறை 1,238 வீடுகளில் ஆய்வு நடத்தி 2014ல் முடிவை வெளியிட்டது. சத்தத்துக்கும் நோய்களுக்கும் தூக்கக் குறைவுக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆனால் சத்தம் கூடக்கூட எரிச்சல் அடைபவர்கள் எண்ணிக்கையும் கூடியது. தரையில் காற்று அடங்கி, மேலே மட்டும் காற்று வீசும் அமைதியான கிராமத்து இரவுகளில் 'வூஷ் வூஷ்' என்ற ஓசை தனியாகக் காதில் விழும்.

ஓடும் நிழல்

காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்வாக இருக்கும்போது, சுற்றும் இறக்கையின் நிழல் ஜன்னல் வழியாக விட்டுவிட்டு விழும். வீட்டுக்குக் கிழக்கிலோ மேற்கிலோ கோபுரம் இருந்தால்தான் நம் ஊரில் இந்தத் தொல்லை. ஜெர்மனியில் ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு 30 மணி நேரம், ஒரு நாளைக்கு 30 நிமிடம் என்று எல்லை வைத்துள்ளார்கள். வலிப்பு வருமோ என்று பயப்பட வேண்டாம். பெரிய இயந்திரத்தில் நிழல் நொடிக்கு ஒரு முறை போலத்தான் வெட்டும். வலிப்பைத் தூண்ட இதைவிடப் பல மடங்கு வேகம் வேண்டும்.

மழையை விரட்டுமா? வை-பை வேலை செய்யுமா?

காற்றாலை மேகத்தை விரட்டுகிறது என்று மகாராஷ்டிராவில் விவசாயிகள் போராடியதுண்டு. பருவமழை பல நூறு கிலோமீட்டர் அகலமும் பல கிலோமீட்டர் உயரமும் கொண்ட காற்றோட்டம். 150 மீட்டர் விட்டமுள்ள இறக்கை வட்டம் அதைத் திருப்ப முடியாது. காற்று பலமான கணவாய்ப் பகுதிகள் பல மலைமறைவில் இருப்பதால் இயல்பாகவே மழை குறைந்தவை. உங்கள் வை-பை, செல்போனுக்கும் ஆபத்தில்லை. டிஷ் ஆன்டெனா பார்க்கும் திசையில் கோபுரம் நேர் குறுக்கே வந்தால் மட்டும் ஆன்டெனாவை இடம் மாற்ற வேண்டியிருக்கும்.

பறவைகள், வௌவால்கள், ஓணான்கள்

உண்மையான பாதிப்பு இங்கே இருக்கிறது. மகாராஷ்டிராவின் சதாரா அருகே சல்கேவாடி பீடபூமியில் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் செய்த ஆய்வு 2018ல் வெளியானது. காற்றாலை உள்ள இடங்களில் வேட்டைப் பறவைகள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தன. பிடித்துத் தின்ன ஆள் இல்லாததால் விசிறித்தொண்டை ஓணான்கள் பெருகியிருந்தன. ஓர் இயந்திரம் ஓர் உணவுச் சங்கிலியையே மாற்றிவிடுகிறது.

தீர்வுகளும் உண்டு. நார்வேயின் ஸ்மோலா தீவில் மூன்று இறக்கைகளில் ஒன்றுக்குக் கறுப்பு வண்ணம் பூசியபோது பறவைச் சாவு சுமார் 70 சதவீதம் குறைந்தது (2020ல் வெளியான ஆய்வு; பூசியது நான்கு இயந்திரங்களுக்குத்தான்). வௌவால்கள் காற்று குறைந்த இரவுகளில்தான் அதிகம் பறக்கும். அந்த நேரத்தில் இயந்திரத்தை நிறுத்தினால் சாவு பாதிக்கு மேல் குறைகிறது.

எல்லாம் சாப்ட்வேர்தான்!

ஒவ்வொரு காற்றாலைக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. காற்றின் வேகத்தையும் திசையையும் அளந்து, தலையைத் திருப்பி, இறக்கையின் கோணத்தை மாற்றுவது அதுதான். நொடிக்கு சுமார் 3 மீட்டரில் ஓடத் தொடங்கி, 25 மீட்டரைத் தாண்டினால் நிறுத்திவிடும். இரவில் மெதுவாகச் சுற்றிச் சத்தத்தைக் குறைப்பது, நிழல் விழும் நிமிடங்களில் நிறுத்துவது, வௌவால் நேரத்தில் நிறுத்துவது எல்லாம் இதில் செய்யும் செட்டிங்குகளே. மின்சாரம் சற்றுக் குறையும் என்பதால் கேட்காமல் யாரும் செய்ய மாட்டார்கள்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

* கோபுரத்தின் சரியான இடம் எது? வீட்டிலிருந்து எத்தனை மீட்டர், எந்தத் திசை?
* இயந்திரத்தின் ஒலித்திறன் எத்தனை டெசிபல்? அருகில் மொத்தம் எத்தனை கோபுரங்கள்?
* இரவில் சத்தம் குறைக்கும் செட்டிங் உண்டா? ஒப்பந்தத்தில் எழுதித் தருவார்களா?
* கிரேன் வரும் பாதை ஓடையையோ வாய்க்காலையோ அடைக்குமா?
* ஆயுள் முடிந்ததும் கழற்றி எடுத்துப் போவது யார்? கண்ணாடி நார் இறக்கைகளை மறுசுழற்சி செய்வது கடினம்.

சித்தப்பாவின் நிலம் தெற்கே நீளமானது. தெற்கு மூலைக்குத் தள்ளினால் வீட்டிலிருந்து 540 மீட்டர் வரும், சத்தம் 42 டெசிபலுக்கு இறங்கும், நிழலும் வீட்டைத் தொடாது. அந்த இடத்துக்கு என்றால் சம்மதம் என்று கேட்டிருக்கிறார். பேச்சு நடந்து கொண்டிருக்கிறது.

உங்கள் ஊரிலும் அளவுக்கல் நட ஆட்கள் வந்தால், அன்று மாலையே கூகுள் எர்த்தையும் எக்செல்லையும் திறந்து விடுங்கள். கல் நடும் முன் இடத்தை மாற்றச் சொல்வது எளிது. கான்கிரீட் போட்ட பிறகு முடியாது.