சேமிப்பு மின்சாரம் – 12: படிகாரத் தண்ணீரும் பச்சைப் படலமும்

தண்ணீரில் அலுமினிய உலோகத்தைப் படியவைக்கப் பார்த்தால் ஹைட்ரஜன் முந்திக்கொள்ளும். அதனால்தான் போன வாரம் உலோகத்தை விட்டுவிட்டு, அதன் அயனியை மட்டும் கையாளும் மின்தேக்கிக்கு வந்தோம். அந்த அயனியின் மூன்று மின்னூட்டங்கள் இந்த வாரம் முழுவதையும் பிடித்துக்கொண்டன. ரப்பர் பாலை உறைய வைக்க ஆசிட்டுக்குப் பதில் அலுமினிய உப்பான படிகாரம் போடும் வழக்கம் சிறு தோட்டக்காரர்களிடம் உண்டு. ரப்பரின் தரம் கெடும் என்று நிபுணர்கள் தடுப்பார்கள். பாலில் மிதக்கும் துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளுவதால்தான் அவை திரளாமல் இருக்கின்றன. அலுமினிய அயனி புகுந்ததும் அந்தத் தள்ளல் அடங்கிவிடும். 1882இல் ஷூல்ட்ஸெயும் 1900இல் ஹார்டியும் கண்டறிந்தபடி, இப்படித் திரட்டும் வலிமை மின்னூட்டத்தோடு வேகமாக ஏறுகிறது; பின்னால் வந்த கோட்பாட்டின்படி, ஏறத்தாழ அதன் ஆறாம் அடுக்கில். சோடியத்துக்கு ஒன்று என்றால் அலுமினியத்துக்கு 729! ஒரு தோட்டத்து வாளிக்குள் இத்தனை இயற்பியல் நடந்திருக்கிறது.

அதே வலிமை மின்முனையில் தொல்லையாகிறது. ஆறு நீர் மூலக்கூறுகளை இறுகப் பிடித்தபடி வரும் இந்த அயனிக்கு, இறுக்கமான ஆக்சைடு படிகங்களுக்குள் நுழைவது கடினம். பிடித்த நீரிலிருந்து அது புரோட்டானையும் கழற்றிவிடுவதால் கரைசலின் பிஎச் 3 அளவுக்கு இறங்குகிறது. உலோகப் பாகங்கள் அரிக்கின்றன. இதை அலுமினியத்தின் குறை என்பார்கள். மின்முனையில் பூசும் பாலிஅனிலினுக்கு இதுவே வரம் என்பது என் வாதம். அமிலத்தில் பச்சையாக இருந்து மின்சாரம் கடத்தும் அந்தப் பாலிமர் படலம், பிஎச் 4ஐத் தாண்டத் தாண்ட நீலமாகிக் கடத்தும் திறனைக் கோடிக்கணக்கான மடங்கு இழக்கிறது. சாதாரண உப்புத் தண்ணீரில் அது செயலிழந்துவிடும் என்பதால் கந்தக அமிலத்தைச் சேர்ப்பார்கள். அலுமினிய சல்பேட் கரைசலோ தனக்கு வேண்டிய அமிலத்தைத் தானே கொண்டுவருகிறது.

அப்படியானால் வேலை செய்வது புரோட்டானும் சல்பேட்டும்தானே, அலுமினியம் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, சோதிக்கவும் வழியுண்டு. அதே பிஎச் உள்ள வெறும் கந்தக அமிலத்தில் அளந்து பார்த்து, அலுமினிய சல்பேட் கரைசலில் கூடுதலாகக் கிடைப்பதை மட்டும் அலுமினியத்தின் கணக்கில் எழுத வேண்டும். பாலிபிரோல் என்ற இன்னொரு கடத்தும் பாலிமருக்குள் நகர முடியாத பெரிய எதிரயனியைப் பூட்டிவிட்டால், நேரயனி உள்ளே வந்தே தீர வேண்டும் என்பது இன்னொரு வழி. கூடுதலாக எதுவுமே கிடைக்காவிட்டாலும், கந்தக அமிலத்தின் இடத்தை மலிவான உப்பு எடுத்துக்கொண்ட லாபம் மிஞ்சும்.

சேமிப்பு சொற்பம் என்ற எதிர்ப்பையும் மறுக்க மாட்டேன். நீர் 1.23 வோல்ட்டிலேயே பிரியத் தொடங்குவதால் மின்னழுத்தத்தை அதிகம் உயர்த்த முடியாது. மலேசியாவில் லூமுட் அருகே மஞ்சோங் அனல்மின் நிலையத்தில் ஏறக்குறைய 1,000 மெகாவாட் தரும் ஒரு யூனிட்டின் இரவுப் பொறுப்பை இந்தத் தேக்கியிடம் கொடுக்க முடியாது. துறைமுகக் கிரேன் சுமையை இறக்கும் சில நொடிகளில் பிறக்கும் மின்சாரத்தை வாங்கி, அடுத்த தூக்கலுக்குத் திருப்பித் தரும் வேலையை மின்தேக்கிகள் ஏற்கனவே செய்கின்றன. நம் அலுமினியத் தேக்கிக்குப் பொருத்தமான இடமும் அதுதான். ஆனால் கிரேன் நாள் முழுக்க ஏறி இறங்கும். ஒவ்வொரு முறையும் பாலிமர் வீங்கிச் சுருங்கும். இந்த வாரம் சொல்வதாக இருந்த அந்த ஆயுள் கணக்கு அடுத்த வாரம்.