ஒரு ஏக்கர் நெல்லுக்கு எத்தனை டிரிப்?

டிகிரி வாங்கியாச்சு. சென்னைக்குப் போய் மேன்ஷனில் படுக்க மனசில்லை. ஊரிலேயே ஒரு லோடு வண்டி வாங்கி ஓட்டலாம்னு ஐடியா. தஞ்சாவூர்ப் பக்கம் உங்க செட்டில் இப்படி ஒருத்தராவது இருப்பார். ஒருவேளை அது நீங்களேகூட! அப்போ ஷோரூமுக்குப் போறதுக்கு முன்னாடி வயலுக்கு ஒரு நடை போயிட்டு வந்துடலாம், வாங்க.

அமெரிக்காவில் பிக்கப் வண்டியை, 'பின்னாடி கட்டி எவ்வளவு இழுக்கும்'னு சொல்லித்தான் விற்கிறார்கள். நம்ம டெல்டாவில் இழுக்கிற வேலை மொத்தமும் டிராக்டருக்கு. சம்பா அறுவடையில் கவனிச்சிருப்பீங்க. அறுவடை மெஷின் தொட்டி நிறைஞ்சதும் நெல்லை நேரா டிரெய்லரில் கொட்டிவிடும். மூட்டை பிடிக்கிற வேலையே இல்லை. கொள்முதல் நிலையத்தில் அம்பாரமா கொட்டி, தூற்றி, அங்கேதான் 40 கிலோ சிப்பமா பிடிப்பாங்க. ஈர வரப்பு, வாய்க்கால் கரைன்னு எங்கேயும் டிராக்டரின் பெரிய பட்டன் டயர் மண்ணைக் கவ்விப் பிடிச்சு ஏறிடும். நீங்க வாங்கப்போற பிக்கப் அங்கே இறங்கினா, அதை வெளியே எடுக்க அதே டிராக்டரைத்தான் கூப்பிடணும்!

அப்போ பிக்கப்புக்கு என்ன வேலை? வீட்டில் காயவெச்ச நெல்லை ரைஸ் மில்லுக்கோ வியாபாரிக்கோ கொண்டுபோறது, விதை நெல், 45 கிலோ யூரியா மூட்டை... அதாவது தார் ரோட்டு வேலை.

சின்னதா ஒரு கணக்கு போடலாமா? ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 30 கண்டா நல்ல மகசூல். அதாவது 1,800 கிலோ, 45 சிப்பம்.

டாடா ஏஸ், நம்ம 'குட்டி யானை', 2005 மே மாசம் வந்தப்போ ரெண்டே சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரைத்திறன். சுமை முக்கால் டன். 18 சிப்பம் ஏத்தலாம். ஆக, ஏக்கருக்கு மூணு டிரிப். சின்ன எஞ்சின்தானேன்னு நினைக்காதீங்க. 4.3 மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும். அக்ரஹாரத் தெருவில் மாட்டிக்கிட்டவங்களுக்குத்தான் அதோட அருமை தெரியும்.

அசோக் லேலண்ட் 'தோஸ்த்' 2011-ல் நிஸானோடு கூட்டு சேர்ந்து வந்த ஓசூர்த் தயாரிப்பு. (நிஸான் 2016-லேயே கழண்டுக்கிச்சு. தோஸ்த் மட்டும் நம்மகூட இருக்கு!) மூணு சிலிண்டர், ஒன்றேகால் டன், 31 சிப்பம். ரெண்டு டிரிப்பில் ஏக்கர் காலி. மஹிந்திரா பொலிரோ பிக்கப்பில் 1.7 டன் மாடல் எடுத்தா 42 சிப்பம். மூணே மூணு மிச்சம்.

'அந்த மூணையும் தூக்கிப் போட்டா என்ன பாஸ்?' இங்கேதான் ஆரம்பிக்குது வம்பு. நெல் ஈரமா இருந்தா எடையும் கூடும். 17 சதவீத ஈரப்பதத்தில் 1,800 கிலோ நிக்கிற அதே நெல், 22 சதவீதத்தில் 1,915 கிலோ. கிட்டத்தட்ட மூணு சிப்பம் சத்தமில்லாம ஏறிடுச்சு! பின்பக்கம் பாரம் கூடக்கூட முன் சக்கரம் லேசாகும், ஸ்டீயரிங் கையில் நிக்காது, பிரேக் அடிச்சாலும் வண்டி தள்ளிப் போய்த்தான் நிக்கும். எதிரே ஒத்தைப் பாலம், கீழே வெண்ணாறு. 2019 திருத்தச் சட்டத்தில் ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலா ஏத்துற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 தனி.

சரி, பொலிரோவே வாங்கிடலாம்னு முடிவு பண்ணிட்டீங்களா? அவசரப்படாதீங்க. குறுவை அறுவடை சில வாரம், சம்பா தாளடி தை, மாசியில். மேட்டூர் திறக்க வேண்டிய ஜூன் 12-லேயே திறந்தாலும் சரி, தள்ளிப்போனாலும் சரி, தவணை மட்டும் தேதி தவறாம வந்து நிக்கும். நெல்லை நம்பி வண்டி எடுத்தவங்க மாட்டிக்கிறது அந்த இடைப்பட்ட மாசங்களில்தான்.

அதனால நெல் இல்லாத நாளில் உங்க ஊரில் என்ன லோடு ஓடுதுன்னு பாருங்க. பட்டுக்கோட்டை, பேராவூரணின்னா தேங்காய் வருஷம் பூரா இருக்கு. கனமான சரக்கு, தூர ஓட்டம். பெரிய பிக்கப் தாராளமா எடுக்கலாம். மல்லிப்பட்டினம் மீனும் அப்படித்தான், ஐஸ் பெட்டியோட சேர்த்து எடை எகிறும். திருவையாறு பக்கம் வாழை இலை, பூ, கும்பகோணத்தில் கடைத்தெரு சரக்கு, முகூர்த்த நாளில் பந்தல் சாமான்னா குட்டி யானையே போதும். டீசல் செலவும் கம்மி. வைக்கோலுக்கு டன் கணக்கே உதவாது. எடை ஏறுறதுக்குள் இடம் நிரம்பிடும், அங்கே தொட்டியின் நீளம்தான் பேசும். உயரமா அடுக்கினா தெருவில் தொங்குற கரன்ட் கம்பி இருக்கு, ஜாக்கிரதை.

லைசென்ஸ் பத்திக் கவலை வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டிக்கு எல்.எம்.வி. லைசென்ஸே போதும்னு 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் அரசியல் சாசன பெஞ்ச் சொல்லிடுச்சு. ஆனா வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டினா பெர்மிட் வேணும். சேல்ஸ்மேன் வாயால் சொல்றதை விடுங்க, ஆர்.சி.யில் என்ன போடுவாங்கன்னு கேளுங்க.

இன்னொண்ணு. முன்பணம் கட்டுறதுக்கு முன்னாடி, ஆடி மாசத்தில் ஒருநாள் உங்க ஊர் வண்டி ஸ்டாண்டுக்குப் போங்க. நிழலில் நிக்கிற வண்டி எது, ஓடிக்கிட்டே இருக்கிற வண்டி எதுன்னு எண்ணுங்க. ஓடுற வண்டி டிரைவர் அண்ணனுக்கு ஒரு டீ சொல்லிட்டு, மாசத்துக்கு எத்தனை நாள் லோடு கிடைக்குதுன்னு கேளுங்க.